துணி வியாபாரியும் நஹ்திய்யாவின் மாவும்





ஹஜ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரழி) அவர்களை முதல் கலீஃபா என்று நம் பிள்ளைகள் மதரஸாவில் ஒப்பிக்கிறார்கள். அவர்கள் துணி வியாபாரி என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பட்டு நெய்கிற தேவிகாபுரத்துப் பிள்ளைக்கு அது மறக்காது.

இஸ்லாத்தை ஏற்றபோது அவர்களிடம் 40,000 திர்ஹம் இருந்தது. ஹிஜ்ரத் புறப்படும்போது மிஞ்சியது 5,000, 6,000தான். ஈமான் கொண்டதற்காக வதைக்கப்பட்ட அடிமைகளை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். பிலால் (ரழி), ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரழி) உட்பட ஏழு பேர். அவர்களில் பலர் பெண்கள். தந்தை அபூகுஹாஃபாவுக்கு இது புரியவில்லை. பலசாலிகளை விடுவித்தால் உனக்குத் துணை நிற்பார்களே என்று கேட்டார். அல்லாஹ்வுக்காகச் செய்கிறேன் என்பதே பதில். சூரா அல்லைலின் கடைசி வசனங்கள் இவர்கள் விஷயத்தில் இறங்கியவை என்கிறார்கள் முஃபஸ்ஸிர்கள்.

அந்த ஏழு பேரில் நஹ்திய்யாவும் அவர் மகளும் உண்டு. எஜமானியின் மாவைக் கையில் வைத்திருந்த நேரம். இவர்களை விடவே மாட்டேன் என்று எஜமானி சத்தியம் செய்துகொண்டிருந்தாள். வழியில் போன அபூபக்ர் (ரழி) விலை கேட்டார்கள், கொடுத்தார்கள். நீங்கள் சுதந்திரமானவர்கள், மாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்தப் பெண்களோ, வேலையை முடித்துக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார்கள். உங்கள் விருப்பம் என்றார்கள். சற்று முன்புவரை விருப்பம் என்ற ஒன்றே இல்லாதவர்களிடம் சொன்ன வார்த்தை அது.

சென்ற வாரம் ஒரு நெசவாளி என்னிடம் வந்தார், மாற்று மதச் சகோதரர். மகள் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார். கூலி கட்டுப்படியாகவில்லை, வேறு இடம் போகவேண்டும். "பாய், தறியில் இருக்கிற பாவை முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் போறேங்கிறேன், விடமாட்டேங்கிறாங்க" என்றார். முதலாளி யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று மிம்பரில் நின்று அந்த முகத்தைத் தேடுவேன்.

17ஆம் நூற்றாண்டில் நம் பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் மனிதர்களைக் கப்பலேற்றி விற்றார்கள். 1843ல் அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்தது. கடனுக்காக வேறு வேலைக்குப் போகும் உரிமையைப் பறிப்பதும் கொத்தடிமைத்தனம், அந்தக் கடனே செல்லாது என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம்.

கொடுத்த கடனைக் கேட்பது வேறு, ஆளைப் பிடித்துவைப்பது வேறு. தறிக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்திருப்பவர்கள் கணக்கு நோட்டோடு வாருங்கள். இன்று அஸருக்குப் பிறகு பள்ளியில்தான் இருப்பேன். அந்தச் சகோதரரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.