ஏறிய கியரில்

வண்டிக்கு வலு போதவில்லை என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். என் ஆம்னி வேனைப் பற்றி நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்சீட்டுகளைக் கழற்றி, பலகை அடித்து மெத்தை போட்டு, அதன் கீழே அடுப்பும் தண்ணீர் கேனும் வைக்கப் பெட்டி செய்த பழைய வண்டி. ஒகேனக்கல், சித்தேரி, வத்தல்மலை என்று கிளம்பினால் லாட்ஜ் தேட வேண்டியதில்லை. ஆனால் இன்ஜின் 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஏறக்குறைய 35 குதிரைத்திறன். ஆளும் படுக்கையும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு வத்தல்மலை வளைவுகளில் திரும்பினால் முதல் கியரை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். போதாக்குறைக்குக் கம்ப்ரஷனும் குறைந்து, ஆயில் குடிக்கத் தொடங்கியிருந்தது.

போர் செய்து புது பிஸ்டன் போடுவதா, வேறு இன்ஜினே வைத்துவிடுவதா? இரண்டாவது வழி நம் ஊர்களுக்குப் புதிதல்ல. பெட்ரோல் அம்பாசடருக்குள் மெட்டடார் டீசல் இன்ஜினை ஏற்றி வாடகைக்கு ஓட்டியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கண்டம் வண்டிகளைப் பிரித்துப்போடும் காயலான் கடைகளுக்குச் சென்னைக்காரர்கள் புதுப்பேட்டை போவார்கள். எங்கள் தருமபுரியிலிருந்து பெங்களூரு சிவாஜி நகர்தான் பக்கம்.

என் கண் வெர்சா இன்ஜின்மேல் இருந்தது. 2001-இல் மாருதி கொண்டுவந்த வேன் அது. அமிதாப் பச்சனையும் அபிஷேக் பச்சனையும் சேர்த்து விளம்பரம் செய்தும் விற்கவில்லை. 1.3 லிட்டர், 80 குதிரைத்திறனுக்கு மேல். என் வண்டியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆம்னியைப் போலவே முன்சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரங்களை ஓட்டும் ஏற்பாடு. மாருதி 800-இன் இன்ஜினும் அதே 796 சி.சி. குடும்பம்தான் என்றாலும் அது குறுக்குவாக்கில் உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுவது. அப்படியே தூக்கி வைக்க முடியாது.

வெர்சா இன்ஜினையும் அப்படியே வைத்துவிட முடியாதுதான். மவுண்டிங்கை லேத்துப் பட்டறையில் புதிதாகச் செய்ய வேண்டும். கியர்பாக்ஸும் கூடவே வர வேண்டும். அதற்கேற்ப புரொப்பல்லர் ஷாப்டின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்குள் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வருவதால் ஈ.சி.யூ., வயரிங், அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்பு என்று பட்டியல் நீளும். செயின் பிளாக்கில் தொங்கும் இன்ஜினைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். பணமும் நாளும் போவது இந்தச் சில்லறைகளில்.

அப்புறம் காகிதம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. இன்ஜின் மாற்ற முன்அனுமதி வாங்க வேண்டும், புது எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். பில் இல்லாத இன்ஜின் யார் வீட்டு வாசலிலிருந்து வந்ததோ என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

இவ்வளவையும் கணக்குப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏத்திடலாங்க சார். இப்பத் தொப்பூர் கணவாய்ல எந்த கியர்ல இறங்கறீங்க?"

"மூணுல."

"ஏன் மூணு?"

"ஏறும்போது மூணுலதானே ஏறுது."

"இந்த இன்ஜினை வெச்சா டாப்லயே ஏறிடுவீங்க. அப்புறம் இறங்கறது?"

ஏறிய கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்குப் பாதி வேலைதான் மிஞ்சும். தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும் லாரிகள் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும்போது, முழுப் பாரமும் பிரேக் லைனிங்கின் தலையில் விழுகிறது. சூடேறிய லைனிங்குக்குப் பிடிப்புப் போய்விடும். 2024 ஜனவரியில் அந்தக் கணவாயில் ஒரே விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். வலு கூடி வேகம் ஒன்றரை மடங்கானால், வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகும். நான் மாற்ற நினைத்தது இன்ஜினை மட்டும்தான். பிரேக் அந்த 35 குதிரைத்திறன் காலத்தின் அளவிலேயே இருந்திருக்கும்.

ஆனால் அண்ணன் கேட்டது பிரேக்கைப் பற்றி மட்டும் இல்லை என்று பிறகு தோன்றியது. பெரிய இன்ஜினும் இறக்கத்தில் பிடிக்கும், இன்னும் நன்றாகவே பிடிக்கும், கியரைக் குறைத்தால். குறைக்கத் தோன்ற வேண்டுமே. சின்ன இன்ஜின் முனகி முனகி ஏறுவதால் மலை எவ்வளவு செங்குத்து என்பதை ஓட்டுகிறவனுக்குச் சொல்லிவிடுகிறது. வலு கூடினால் அந்தச் செய்தி வந்து சேர்வதில்லை.

எங்கள் மாவட்டத்து போர்வெல்களில் நடந்ததும் இதுதான். மோட்டார் தண்ணீர் எடுக்கத் திணறினால் நிலத்தடி நீர் இறங்குகிறது என்று அர்த்தம். நாம் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. குதிரைத்திறனைக் கூட்டி, பைப்பை இன்னும் கீழே இறக்கினோம். ஆயிரம் அடி என்பது சாதாரணமாயிற்று. ஆழத்திலிருந்து வந்த தண்ணீரில் புளோரைடும் சேர்ந்து வந்து பல்லையும் எலும்பையும் கெடுத்தது. கடைசியில் ஜப்பான் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டி, காவிரித் தண்ணீரை ஒகேனக்கல்லிலிருந்து 2013-இல் கொண்டுவர வேண்டியிருந்தது.

சம்பளம் ஏறிய வருடங்களை நினைத்துப் பார்க்கிறேன். வீட்டுக் கடன், பெரிய வீட்டுக்கு ஏற்ற பெரிய சாமான்கள், விசேஷங்களுக்கு மொய் எழுதும் தொகை எல்லாமே ஏறின. ஏறுவதாகவே உணரவில்லை, டாப் கியரில் போய்க்கொண்டிருந்தோம். ஓய்வுபெற்றபின் இறங்க வேண்டி வந்தபோதுதான் சரிவின் அளவு தெரிந்தது.

இதற்காக வலுவின்மையைப் புகழப் போவதில்லை. வறுமை பாடம் சொல்லித்தரும் என்று வசதியானவர்கள்தான் பேசுவார்கள். கம்ப்ரஷன் போன இன்ஜின் எதையும் கற்றுத் தருவதில்லை. நடுவழியில் நிறுத்தும், அவ்வளவுதான்.

கடைசியில் கண்டம் செய்யப்பட்ட இன்னொரு ஆம்னியின் 796 சி.சி. இன்ஜினே பில்லோடு கிடைத்தது. அனுமதி வாங்கி அதை ஏற்றினோம். மவுண்டிங் பழையதே பொருந்தியது. மிஞ்சிய பணத்தில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேலை பார்த்தாயிற்று. வெர்சா இன்ஜினை ஜிப்ஸி வைத்திருக்கும் ஒருவர் பேசி முடித்துவிட்டதாகக் கேள்வி.

என் மனைவிக்கு இந்த முடிவில் உடன்பாடில்லை. நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது வலு இல்லாமல் பாதியில் தவிப்பதும் ஆபத்துதானே என்கிறாள். அவள் சொல்வது சரி. தாண்டாமல் இருப்பதைத் தவிர அதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை. பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும்போதெல்லாம் அந்தப் பதிலை அவள் இன்னொரு முறை கேட்கிறாள்.