மேற்குச் சுவர்

சென்னையில் மேற்குப் பார்த்த அறையில் படுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும். மே மாதத்தில் விளக்கு வைத்து வெகுநேரம் ஆன பிறகும் சுவரில் கை வைத்தால் சுடும். பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் செங்கல் இரவில்தான் அறைக்குள் விடுகிறது. அந்தச் சுவரில் ஒரு கொடியை ஏற்றினால் என்ன என்று தோன்றும். சுவர் தாங்குமா என்ற பயமும் கூடவே வரும்.

பயம் நியாயமானது. காக்கை எச்சத்தில் விழுந்த அரச விதை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முளைத்துச் செங்கலைப் பிளப்பதை எல்லாத் தெருவும் பார்த்திருக்கிறது. நர்சரியில் ‘வால் கிரீப்பர்’ என்று தருகிற சிற்றிலைக் கொடியும் அதே அத்திக் குடும்பம்தான்.

ஆனால் அரசமரம் வேரைச் சுவருக்குள் இறக்குகிறது. இந்தக் கொடியோ ஒருவிதப் பசையைக் கசியவிட்டு மேலே ஒட்டிக்கொள்கிறது. பழங்கட்டடங்களில் படர்ந்த ஐவி என்ற கொடியை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது: உறுதியான சுவரை அது கெடுப்பதில்லை, இலைப்போர்வையால் வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது, ஏற்கெனவே விரிசல் இருந்தால் மட்டும் வேர் உள்ளே போகிறது. ஆகவே கொடியைச் சந்தேகிப்பதற்கு முன் பூச்சைத் தட்டிப் பார்ப்பதே முறை.

அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சும். ஒன்றை எவ்வளவு நெருங்கவிடுவது? ஒட்டிய கொடியைப் பின்னால் உரித்தால் வண்ணமும் சேர்ந்தே வரும். வெட்டாமல் விட்டால் சிற்றிலை போய், தடித்த கிளைகளும் பெரிய இலைகளும் வெளியே நீளும். அதை நடுகிறவர் பல வருடம் கத்தரியோடு நிற்கச் சம்மதிக்கிறார் என்றே பொருள்.

முல்லைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதற்குச் சுவரைப் பிடிக்கத் தெரியாது, சுற்றிக்கொள்ளக் கயிறு வேண்டும். சுவருக்கும் கயிற்றுக்கும் நடுவே அரையடி விட்டால் காற்று ஓடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கயிற்றைத் தளர்த்தினால் போதும். நம் ஊர் வெயிலுக்கு இந்த இடைவெளியே சிறந்தது.

பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்கு முல்லைக்காகக் காத்திருப்பதும் நீண்ட காலம். அவர்கள் தொட்டியில் பாகல் விதை ஊன்றி, ஜன்னல் கம்பியில் ஏற்றுகிறார்கள்.

பாகலைப் போலவே பற்றுக்கம்பியால் ஏறுவது வர்ஜீனியா கொடி. அதன் பற்றுக்கம்பி ஒன்றை டார்வின் சோதித்தார். அதற்குப் பத்து வயதாவது இருக்கும் என்று கணித்தார். அதன் ஒரே ஒரு கிளை இரண்டு பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம், எடையைத் தாங்கியது. 1875-இல் வெளிவந்த நூலில் இதை எழுதியிருக்கிறார். பாகலுக்கு அந்த வலு கிடையாது. ஆனாலும் வீடு காலியான பிறகு, அடுத்துக் குடிவருகிறவர் ஜன்னலைத் துடைக்கும்போது, கம்பியில் சுருண்டு காய்ந்த அந்த இழைகளை நகத்தால்தான் கிள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது.