அருளப்பரோடு ஒரு வழக்கு

அழகான இடங்களில் உட்கார்ந்து செபிப்பதைக் கார்மேல் சபைத் துறவியான சிலுவை அருளப்பர் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ‘கார்மேல் மலையேற்றம்’ நூலின் மூன்றாம் பகுதி முடியப்போகும் இடத்தில், பக்திக்குத் துணைசெய்யும் இடங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார். மரமும் மேடுபள்ளமும் தனிமையுமாக இயல்பிலேயே மனதை ஈர்க்கும் இடம் முதல் வகை. ஒருவருக்கு ஏதோ ஓர் அருள் கிடைத்து, அவர் திரும்பிப்போக விரும்பும் இடம் இரண்டாவது. சீனாய் மலையைப்போல இறைவனே தேர்ந்துகொண்ட இடம் மூன்றாவது. முதல் வகை இடத்துக்குப் போகிறவர் போனவுடனே இடத்தை மறந்துவிட வேண்டும்; அழகிலேயே தங்கினால் அது பொழுதுபோக்கு, செபமல்ல என்பது அவர் கட்சி.

அந்த “போனவுடனே”தான் எனக்கும் அவருக்கும் வழக்கு.

நான் ஞானஸ்நானம் பெற்றவள். ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவள் அல்ல. மொழிபெயர்ப்பு வேலைக்காக ஸ்பெயினின் சலமான்காவில் இருக்கிறேன். அருளப்பர் இறையியல் படித்ததும் இதே ஊரில்தான். என் வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தெற்கே மலைமேல் இருக்கும் லா ஆல்பெர்காவில் பிறந்தவர். கடவுள் நம்பிக்கையைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டதாகச் சொல்வார். ஆனால் தினமும் அந்தி நேரத்தில் ஒரு பெண் மணியடித்துக்கொண்டு, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகச் செபம் சொல்லித் தெருத்தெருவாகப் போகும் வழக்கம் அவர் ஊரில் இன்றும் இருக்கிறது. அதைப் பற்றி யாராவது கேலியாகப் பேசினால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

பத்துவேக்காஸ் பள்ளத்தாக்கு அருவியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னது ஆகஸ்டு மாதத்தில். “நீ தேடுவது கடவுளையா, தண்ணீரையா? எதுவானாலும் மாதம் சரியில்லை” என்றார். இருந்தாலும் காரை எடுத்தார்.

லா ஆல்பெர்காவைத் தாண்டி எல் போர்த்தியோ கணவாயில் ஏறியதும் சாலை வளைந்து வளைந்து கீழே விழுகிறது. அடியில் மடம். 1599இல் காலணியற்ற கார்மேல் சபையார் நிறுவியது. அருளப்பர் இறந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு. இந்தச் சபையில் இப்படிப்பட்ட தனிமை மடங்களைப் ‘பாலைவனம்’ என்றே அழைப்பார்கள். பெயரைக் கேட்டு மணலை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இங்கே கிடைப்பது கார்க் மரங்களும், பிசுபிசுத்த இலையில் மணம் வீசும் ஹாரா புதர்களும், அடி தெரியும் ஆறும். மதிலுக்குள் மடம், மலைச்சரிவுகளில் அங்கங்கே தனிக்குடில்கள். மடத்தில் மணி அடித்தால் குடிலில் இருந்தவர் தன் மணியை அடித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உயிரோடிருக்கிறார், விழித்திருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம். ஒரு துறவி உள்ளே பொந்துவிட்ட கார்க் மரத்தையே குடிலாக்கிக்கொண்டார். சாகப்போகிறவனுக்கு இது போதும் என்ற பொருளில் லத்தீனில் இரண்டே சொல் வாசலுக்கு மேல் இருந்தது.

மதிலை ஒட்டி ஆற்றோடு மேலே போகிறது பாதை. இங்கே நடக்கும்போதுதான் அருளப்பர் அதே அத்தியாயத்தில் சொல்லும் இன்னொரு விஷயம் எனக்குப் புரிந்தது. பழங்காலத் தவசிகள் மிகப் பரந்த, மிக அழகான வனாந்தரங்களைத் தேடிப் போனார்கள். போய், அங்கே தங்களுக்குப் போதுமான மிகச் சிறிய இடத்தை எடுத்துக்கொண்டு அடைந்துகிடந்தார்கள் என்கிறார். நகரத்தில் ஒரு குறுகிய அறை கிடைக்காதா? அதற்கு இவ்வளவு தூரம் ஏன்? துறக்க வேண்டியது கண்ணெதிரே இருந்தால்தான் துறவு நடக்கும் என்பது என் ஊகம். அருவிச் சத்தம் இரவும் பகலும் காதில் விழ, எழுந்துபோய்ப் பார்க்காமல் இருப்பது ஒரு வேலை. தினமும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அதைச் செய்ய அருவி வேண்டும். அருளப்பர் மறக்கச் சொல்கிற அழகு இல்லாமல் அவருடைய முறையே ஓடாது.

பாதி வழியில் பாறை ஓவியங்கள். சிவப்பு வண்ணத்தில் ஆடுகள். கார்மேல் சபையும் கிறிஸ்தவமும் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் யாரோ இந்தப் பாறைக்கு ஏறிவந்து வரைந்தது. அது வழிபாடா, வேட்டைக் குறிப்பா என்று அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். வரைந்தவர் அருளப்பரின் நிபந்தனையை மீறியவர் என்பது மட்டும் நிச்சயம். அவர் நின்றார், பார்த்தார், ஆட்டின் கொம்பு எப்படி வளைகிறது என்று கவனித்தார். இன்று இந்தச் சரிவில் மேயும் மலையாடுகள் அந்த வம்சமல்ல. பழையவை அழிந்துபோக, 1970களில் வேறு மலையிலிருந்து கொண்டுவந்து விட்டவை.

அருவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீட்டுக்கார அம்மா எச்சரித்ததுபோல ஒல்லியாக இருந்தது. கருத்த பாறையில் வழிந்து, கீழே பச்சைக் குட்டையில் சேர்ந்தது. எங்களுக்கு முன்னால் வந்த இளைஞர்கள், இதற்கா இவ்வளவு நடந்தோம் என்று சலித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். எனக்கு அந்த ஒல்லித் தண்ணீர் பிடித்திருந்தது. இளைஞர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். அங்கே வந்தது இறைவனைப் பற்றிய நினைவா என்று கேட்டால், இல்லை. தண்ணீரைப் பற்றிய நினைவுதான். அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நான் எதையும் அனுபவிப்பதாகக்கூடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் “நான்” என்பதே குறுக்கிடவில்லை. அருளப்பர் வேண்டுவதும் கடைசியில் அதைத்தானே?

இதை இறங்கும்போது வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அழகுக்கு அவ்வளவு நம்பிக்கை கொடுக்காதே. இந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா?” என்றார்.

பத்துவேக்காஸ் ஆறு லாஸ் மெஸ்தாஸ் என்ற ஊரில் லத்ரியார் ஆற்றோடு சேர்கிறது. அது லாஸ் உர்தெஸ் சீமை. ஒரு காலத்தில் ஸ்பெயின் முழுவதும் வறுமைக்கு உதாரணமாகச் சொன்ன ஊர்கள். விளையாத பலகைக்கல் மலையில், மண்ணைச் சுமந்துவந்து கொட்டி, ஆற்றோரம் கையகல வயல் கட்டினார்கள். அங்கேயும் அருவிகள் உண்டு. எல் காஸ்கோவுக்கு மேலே மெயான்செரா அருவி உயரத்துக்குப் பேர்போனது. 1922இல் மன்னர் 13ஆம் அல்போன்சோ குதிரையில் இந்த ஊர்களுக்கு வந்தார். கூட வந்த மருத்துவர் கிரெகோரியோ மராஞோன் பார்த்தது பசியும் மலேரியாவும், கழுத்தில் கழலையும், அதோடு சேர்ந்த மூளை வளர்ச்சிக் குறையும். கழலைக்குக் காரணம் அயோடின் பற்றாக்குறை. மண்ணிலும் இல்லை, இந்தக் கண்ணாடித் தண்ணீரிலும் இல்லை. பதினோரு ஆண்டு கழித்துத் திரைப்பட இயக்குநர் லூயிஸ் புனுவெல் ‘ரொட்டியில்லாத நிலம்’ படம் எடுக்க வந்தார். படக்குழு தங்கியது மலைக்கு இந்தப் பக்கம், துறவிகள் வெளியேற்றப்பட்டிருந்த இதே மடத்தில். இறைமறுப்பாளரான அவருக்கு இடம் பிடித்துப்போய், பின்னாளில் விலைக்கு வாங்கவே பார்த்தார்; உள்நாட்டுப் போர் குறுக்கிட்டது.

கழலையின் கதை என்னை உலுக்கிவிட்டது. அருவியைப் பார்த்தவுடன் படைத்தவர் கருணையுள்ளவர் என்று சொல்லிவிடுகிறோமே, அந்தப் பாய்ச்சலுக்கு இந்தத் தண்ணீரில் ஆதாரமில்லை. கண்ணுக்குக் குளிர்ச்சியான அதே நீர், கீழே குடித்தவர்களுக்கு வேண்டியதைக் கொடுக்கவில்லை. அழகில் தங்காதே என்று அருளப்பர் சொன்னதற்கு அவர் தந்த காரணம் வேறு. ஆனால் இந்தக் காரணமும் அவர் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. வழக்கில் பாதியை நான் அங்கே விட்டுக்கொடுத்தேன்.

மீதிப் பாதியை விடவில்லை. அழகைக் கடந்து போக வேண்டும், சரி. எந்தத் திசையில்? அருளப்பரும் தவசிகளும் காட்டுவது உள்நோக்கிய குறுகிய அறையை. ஆனால் ஆறு கீழே, மனிதர்கள் இருக்கும் ஊர்களுக்குப் போகிறது. மடத்தின் மூடிய கதவும் அப்படியே நிற்கவில்லை. இந்த மடத்தின் பழைய விதியில் பெண்களுக்கு உள்ளே இடமில்லை. 1836இல் அரசு மடங்களைப் பறித்து, துறவிகள் போய், நூறாண்டு பாழடைந்த பிறகு, 1937இல் திரும்பவும் செபம் சொல்லத் தொடங்கியவர்கள் அன்னை மராவியாஸ் தலைமையில் வந்த கார்மேல் கன்னியர்! யாரை வெளியே நிறுத்தினார்களோ அவர்கள் கையால் மடம் மறுபடி எழுந்தது. விதிகள் இப்படித்தான் கரைகின்றன. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

காரை லாஸ் மெஸ்தாஸ்வரை விடச் சொன்னேன். ஆற்றை மறித்து நீச்சலுக்கு விட்டிருக்கிறார்கள். காலையில் நான் பார்த்த தண்ணீர்தான், இப்போது பிள்ளைகளின் கூச்சலோடு. அவர்கள் அழகைப் பார்க்கவுமில்லை, கடக்கவுமில்லை. கழுத்தளவு அதற்குள் நின்றார்கள். அவர்களுடைய பாட்டிமார் இதே கரையில் துணி துவைத்திருப்பார்கள். அருளப்பரின் மூன்று வகையில் இவர்களுக்கு இடம் எங்கே என்று கேட்டேன்.

“நான்காவது வகை என்று எழுதிக்கொள்” என்றார் வீட்டுக்கார அம்மா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. “ஆனால் தண்ணீர் எலும்புவரை சில்லிடும் என்பதையும் சேர்த்து எழுது. அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.”