சட்டப்படிதான்

குடியிருப்புச் சங்கம் தண்ணீருக்கு நேரம் வைத்தால் சர்வாதிகாரம். மேலாளர் விடுப்பு மறுத்தால் ஹிட்லர். பெங்களூரில் இப்படிப் பேச்சு அடிபடாத இடமில்லை. ஆத்திரத்தில் வருவதுதான், ஆனாலும் என் மனம் ஒப்புவதில்லை. காரணம், சினேகலதா ரெட்டி.

'சம்ஸ்காரா' கன்னடப் படத்தில் நடித்தவர். சென்னையில் 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். நெருக்கடிநிலையின்போது, 1976 மே 2 அன்று கைதானார். பரோடா வெடிமருந்து வழக்கு என்றார்கள். இறுதிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. அப்படியும் விடவில்லை, விசாரணையின்றி அடைத்துவைக்க மிசா சட்டம் இருந்ததே! கடும் ஆஸ்துமா நோயாளியை எட்டு மாதத்துக்கு மேல் பெங்களூரு மத்தியச் சிறையில் விசாரணையின்றி வைத்திருந்தார்கள். 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். 18ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்தது. 20ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

மிசா நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். சினேகலதா கைதாவதற்கு நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 28 அன்று, தடுப்புக்காவலில் இருப்பவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவரிடம் போனது.

வள்ளுவர் செங்கோன்மையை அடுத்தே கொடுங்கோன்மையை வைத்தார். கொடு என்றால் வளைந்தது. கோல் புதிதாக வருவதில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் சட்டமும் முத்திரையும்தான் வளைகின்றன. அதனால்தான் அன்று படித்தவர்களே ரயில் நேரத்துக்கு வருகிறதென்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவரை அடுத்த தேர்தலில் மாற்றலாம், மேலாளர்மேல் புகார் கொடுக்கலாம். என்னை ஏன் அடைத்தீர்கள் என்று கேட்க சினேகலதாவுக்கு ஒரு வாசல்கூட இல்லை. அந்த வாசல் அடைபட்டால்தான் சர்வாதிகாரம் என்ற சொல்லை எடுப்பேன்.

நெருக்கடிநிலை ஆண்டுகளில் பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தை நடத்தியவர், திருச்சிப் பக்கத்துக்காரரான பாதிரியார் ஸ்டேன் சுவாமி. 2020 அக்டோபரில் ஊபா எனும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் கைதாகி, நடுக்குவாத நோயோடு, விசாரணை தொடங்காமலே 2021 ஜூலை 5 அன்று காவலில் இறந்தார். வயது 84. சட்டப்படிதானே வைத்திருந்தார்கள் என்று கேட்பவர்களிடம், சினேகலதாவையும் சட்டப்படிதான் வைத்திருந்தார்கள் என்கிறேன்.