பழைய இரும்பும் ஹலாலும்

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடைபோட்டு வாங்கிய திருகுத்தண்டு ஒன்று, உடைந்த கட்டிலின் கட்டைகள் இரண்டு. நட்டைப் பின்கட்டையில் பதித்துத் தண்டைத் திருகினால் முன்கட்டை நகர்ந்து பலகையைக் கவ்வும்; தச்சுமேசைக்கு வைஸ் தயார். வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கம் நம்முடையது. ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

அதே தண்டை, வேலை பார்க்கும் ஆலையின் குப்பையிலிருந்து மடியில் கட்டி வந்தால்? "கழித்துப் போட்டதுதானே, ஹஜ்ரத்!" என்று நம்மிடமே சொல்வார்கள். உரியவர் தேடாத அற்பப் பொருளை எடுத்துக்கொள்ள ஷாஃபிஈ ஃபிக்ஹில் இடமுண்டு. ஆலைக் கழிவோ அப்படியல்ல. முதலாளி அதைக் கிலோக் கணக்கில் விற்கிறார். மேஸ்திரி தலையசைத்தால் போதுமா? கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தால் சரி. கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஏற்கெனவே எடுத்துவந்தவர் தண்டையே திருப்பித் தரவேண்டும். தொலைந்திருந்தால் அதன் விலையை.