‘நாம்’ என்பவர் யார்?

“நாட்டின் இறைமையைக் காப்போம்” என்று ஒரு கட்சி முழங்கும்போது, வாக்காளன் அதனை எந்தத் தராசில் நிறுப்பது? 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரித்தானிய மக்கள் வாக்களித்தபோது எழுந்த வினா இது. நூற்றுக்கு 52 பேர் விலகவே வாக்களித்தனர். பிரசல்ஸ் ஆணைகளை எதிர்த்த குரலோடு, பிழைக்க வந்த தொழிலாளரை வெறுத்த குரலும் அங்கே கலந்தே ஒலித்தது.

பதுளையில் இவ்வினா இன்னும் கூர்மையானது. இங்கே வாக்களிப்பவளே ஒரு காலத்தில் ‘அந்நியர்’ எனப்பட்டவரின் பேத்தியல்லவா? நமுனுகுலைச் சாரலில் கொழுந்து பறிக்கும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் அவளுடைய முன்னோரை நாடற்றவராக்கி, வாக்கையும் பறித்தன. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பங்கிடப்பட்டவரின் விருப்பத்தை எவரும் கேட்டாரில்லை.

அறுபதுகளில் தோன்றிய மக்கள் விடுதலை முன்னணி, தன் ஐந்து அரசியல் வகுப்புகளுள் ஒன்றை ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியே நடத்தியது. பெருநாட்டின் நிழலைக் கண்டு சிறுநாடு அஞ்சுவது மடமையன்று. 1987இல் ஒப்பந்தத்தோடு இந்தியப் படையும் வந்திறங்கிற்று. ஆனால், அந்த வகுப்பு தோட்டத் தொழிலாளரையே விஸ்தரிப்பின் கருவியாகக் காட்டியது. தேயிலையின் இலாபத்தை லண்டனுக்குக் கொண்டுபோன கம்பனியை விட்டு, தேயிலை பறித்த கையைச் சந்தேகித்தது. பாட்டாளியின் பெயரால் பேசியோர் செய்த பெரும் பிழை அது.

அக்கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி, 2023 ஒக்டோபரில் ஹற்றன் பிரகடனத்தை வெளியிட்டு மலையக மக்களின் உரிமைகளை ஏற்றது. 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்தின் ஒன்பது ஆசனங்களில் ஆறினை வென்றது; கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என்னும் மலையகத் தமிழர் இருவர் அதன் சார்பில் நாடாளுமன்றம் சென்றனர். 2025 ஏப்ரலில் அதே சக்தியின் அரசு இந்தியாவுடன் பாதுகாப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கையிலும் ஒப்பமிட்டது.

மாறியது கொள்கையா, வசதியா? பழைய பாவத்தை ஒருபோதும் மன்னியோம் என்பது சிந்தனையை மூடுவது. புதிய சொற்களில் மயங்கிப் பழையதை மறப்பதும் அவ்வாறே. மன்னிப்பு வேறு, மறதி வேறு. கட்சி எந்த வல்லரசை எதிர்க்கிறது என்பது பாதிக் கேள்வி. அது சொல்லும் ‘நாம்’ என்பதில் லயன் அறையில் வாழ்பவள் அடங்குகிறாளா என்பதே மறுபாதி. அதற்கு விடை மேடையில் இல்லை; அவள் பெயருக்கு எழுதப்படும் காணியுறுதியிலும், அவள் கூலியிலும் உண்டு.

இந்தியா மலையகத்தில் வீடு கட்டித் தருகிறது. அவ்வீட்டிற் குடியேறுவதால் அவள் விசுவாசம் ஐயத்துக்குள்ளாகக் கூடாது. அவ்வீட்டுக்காக டில்லியின் ஒவ்வொரு செயலையும் அவள் ஆதரிக்கக் கடமைப்பட்டவளுமல்லள். இந்தியாவோடு தன் நாடு செய்யும் உடன்படிக்கையைப் படித்து, “இது எமக்கு நன்மையா?” என்று அவளும் கேட்கலாம். தன் தேசபக்தியை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் ஏதுமின்றி அவள் அக்கேள்வியைக் கேட்கும் நாளிலேதான், இறைமை என்னும் சொல் இம்மலைகளில் பொருள் பெறும்.