ஒவ்வாமையும் இன்னா செய்யாமையும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது அஹிம்சை. எறும்பு மிதிபடாமல் நடக்கவும், நீரை வடிகட்டிப் பருகவும், பொழுது சாயுமுன் உண்டு முடிக்கவும் நம் முன்னோர் நம்மைப் பழக்கினர். கண்ணுக்குப் புலனாகாத உயிர்கட்கும் இரங்கும் நாம், நம் பந்தியில் அமர்ந்து உண்பவருடைய உடலுக்கு எவ்வளவு இரங்குகிறோம்? இவ்வினாவை எங்கள் உள்ளத்தில் எழுப்பியது எங்கள் இல்லத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே.

தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்கு அருகே நாங்கள் வாழ்ந்து வருகிறோம். சென்ற தீபாவளியன்று, மகாவீரர் நிர்வாண பூசை நிறைவெய்திய பின், உறவினர் குடும்பம் ஒன்று எங்கள் இல்லத்திற்கு உணவருந்த வந்தது. அவர்களுடைய எட்டு வயது மகனுக்குச் சீலியாக் என்னும் நோய் உண்டு. கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம் இந்நோயுடையார்க்கு ஆகாது. அது சிறிதளவே உட்சென்றாலும் உடலின் காப்புத் திறனே குடலின் உட்சுவரைத் தாக்கிச் சிதைத்துவிடும். சிறுவனின் தாயார் முன்னதாகவே தொலைபேசியில் இதனைச் சொல்லியிருந்தார். "எல்லாம் அரிசிச் சமையல்தான், கவலைப்படாதே அம்மா" என்று நாங்களும் உறுதி கூறியிருந்தோம். சாதம், சாம்பார், இரசம், புடலங்காய்க் கூட்டு, பாசிப்பருப்புப் பாயசம் என்று விருந்து இனிதே முடிந்தது.

அன்றிரவே சிறுவனுக்கு வயிற்றுவலியும் வாந்தியும் கண்டன. மறுநாள் செய்தி அறிந்து, சமையலறையிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். பெருங்காய டப்பாவின் பக்கவாட்டில், சிறிய எழுத்துக்களில், கோதுமை மாவு என்று அச்சிடப்பட்டிருந்தது. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினும் மாவும் கலந்திருப்பது வழக்கமே. வெங்காயமும் பூண்டும் விலக்கிய நம் சமையலில் பெருங்காயம் சற்றுத் தாராளமாகவே விழும். உயிர்க்கு இரங்கி மேற்கொண்ட விலக்கின் வழியாகவே அக்குழந்தைக்குத் தீங்கு சேர்ந்தது.

"தெரியாமல் நடந்ததுதானே" என்று எல்லோரும் ஆறுதல் கூறினர். ஆயினும் எங்கள் மனம் அமைதியுறவில்லை. ஆசார்ய உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதன் வேராக வைத்தார். விழிப்போடு நடந்தும் நேர்ந்துவிடும் தீங்கு வேறு. விழிப்பின்றி இருந்ததால் நேரும் தீங்கு வேறு. எங்கள் கையிலேயே டப்பா இருந்தது. அதில் எழுத்தும் இருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

இதன்பின் மற்றொரு பிழையும் நினைவுக்கு வந்தது. ஞாயிறுதோறும் எங்கள் இல்லத்துக் கூடத்தில் சுவாத்தியாயம் நடைபெறும். தெருவின் இரைச்சல் கருதிச் சன்னல்களை அடைத்து, ஊதுவத்தி ஏற்றி வைப்போம். பெண்டிர் மல்லிகை சூடி வருவர். இளைஞர் செண்ட் தெளித்துக்கொண்டு வருவர். முதிய அன்பர் ஒருவர் மட்டும் எந்நாளும் வாயிற்படி அருகே அமர்ந்து, பாதியிலேயே எழுந்து போய்விடுவார். அவருக்கு நூலில் ஈடுபாடு இல்லை என்றே பல மாதம் எண்ணியிருந்தோம். பிறகுதான் அறிந்தோம்: புகையும் வாசனையும் அவருக்கு மூச்சிரைப்பைத் தருகின்றன. "பூசைப் பொருளைக் குறை சொல்வதா?" என்று தயங்கி அவர் வாய் திறக்கவில்லை.

இங்கு நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உணவை விலக்குதலின் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்? உணவு விடுதியில் "வெங்காயம், பூண்டு, கிழங்கு வேண்டா" என்று நாம் சொல்லும்போது, "கொஞ்சந்தானே, தெரியாது" என்று பரிமாறுபவர் சொன்னால் நம் உள்ளம் எவ்வளவு புண்படுகிறது! நம் சொல்லை ஆராயாது நம்ப வேண்டும் என எதிர்பார்க்கிறோம். ஆனால் ஒருவர் "எனக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை", "நிலக்கடலை ஆகாது" என்றால், "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன? எல்லாம் மனப்பிரமை" என்று அதே சொல்லை நாம் சொல்கிறோம். நம்முடையது விரதம், அவருடையது உடலின் கட்டளை. விரதத்தை மதிக்கக் கேட்பவர், கட்டளையை மதிக்க மறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

"உடல் வேறு, ஆன்மா வேறு, பொறுத்துக்கொள்வதே தவம்" என்று சிலர் வாதிடுவர். இருபத்திரண்டு பரிஷஹங்களையும் வெல்லும் முனிவர் தம் விருப்பால் அவற்றைப் பொறுக்கின்றனர். பொறுமை தனக்குத்தானே ஏற்றுக்கொள்ளும் நோன்பு. பிறர் தலையில் ஏற்றும் சுமையன்று. தான் பொறுத்தால் தவம். பிறரைப் பொறுக்க வைத்தால் ஹிம்சை.

நம் சாத்திரங்களும் இதனை அறியாதன அல்ல. ஆசார்ய சமந்தபத்ரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் போகோபபோக பரிமாண விரதத்தை விளக்குமிடத்து, அநிஷ்டம் ஆனதையும் விலக்கச் சொல்கிறார். அநிஷ்டமாவது, தூயதேயாயினும் ஒருவருடைய உடற்கு ஒவ்வாதது என்று பெரியோர் உரைப்பர். உபவாச நாளில் மணப்பொருளையும் மலரையும் நீக்குமாறு பணிப்பதும் அந்நூலே. இன்னும் ஒன்று: முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் சிராவகர், அவர் எவற்றை விட்டிருக்கிறார், அவர் உடல்நிலைக்கு எது ஏற்கும் என்பதை உடனிருப்போரிடம் முன்னரே கேட்டறிகின்றனர். கையேந்தி நின்றுண்ணும் அவர் "இது வேண்டும்" என்று வாய் திறந்து கேளார். ஆகவே அறியும் பொறுப்பு கொடுப்பவரைச் சேர்ந்தது. முனிவர்க்குச் செய்யும் இவ்விசாரணையை விருந்தினர்க்கும் செய்தால் குறையென்ன?

இப்பொறுப்பைச் சட்டத்திடம் முழுவதும் விட்டுவிட முடியாது. பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி என்னும் துணிச்சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்ததும், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. எல்லோர்க்கும் நஞ்சானதை அரசு தடுக்கலாம். ஒருவர்க்கு அமுதாகவும் மற்றொருவர்க்கு நஞ்சாகவும் இருப்பதை எவ்வாறு தடுப்பது? பால், கோதுமை, நிலக்கடலை, சோயா முதலியன கலந்திருந்தால் பொட்டலத்தின் மீது அறிவிக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒவ்வாமை தரக்கூடிய 26 நறுமணப் பொருள்களை அழகுப்பொருள் புட்டிகளில் பெயர் சொல்லிக் குறிக்கும் முறை 2005இல் நடைமுறைக்கு வந்தது. 2023இல் மேலும் ஐம்பதுக்கு மேற்பட்டவை சேர்க்கப்பட்டன. அவற்றுள் கிராம்பிலும் மலர்களிலும் இயற்கையாகவே உள்ளனவும் அடங்கும். ஆதலின் "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்பதும் ஒருதலைக் கூற்றே. பொட்டலத்தில் பச்சைப் புள்ளியைத் தேடும் நம் கண், இன்னும் இரண்டு வரி கீழே இறங்கிப் படிக்கலாகாதா?

ஒவ்வாமை என்று சொல்லப்படுவன எல்லாம் ஒன்றல்ல என்பதையும் அறிதல் வேண்டும். பாலிலுள்ள சர்க்கரை செரியாமை வேறு. அது வயிற்றுப் பொருமலோடு நிற்கும். பால் புரத ஒவ்வாமை வேறு. சிலர்க்கு அது உயிருக்கே ஊறாகும். தாமாகவே முடிவு செய்து குழந்தையின் உணவைக் குறைத்துக்கொண்டே போவதும் தவறு; மருத்துவரிடம் காட்டித் தெளிய வேண்டும். ஆயினும் சோதித்து அறிவது மருத்துவர் கடன். பந்தியில் இருப்பவரை நம்புவதே நம் கடன். சந்தனம் குளிர்ச்சி என்பது ஒரு நோக்கில் உண்மை. அது ஒருவர் தோலில் தடிப்பாகும் என்பது வேறொரு நோக்கில் உண்மை. அனேகாந்தத்தை ஏட்டில் போற்றும் நாம் அதனை அடுக்களையிலும் போற்றுவோமாக.

இப்போது எங்கள் கூடத்தில் சுவாத்தியாயத்தின்போது ஊதுவத்தி ஏற்றுவதில்லை, சன்னல்கள் திறந்திருக்கின்றன. தெருவின் இரைச்சல் கேட்கிறது. அம்முதியவர் முன்வரிசையில் அமர்ந்து இறுதிவரை கேட்கிறார். பொங்கலன்று அச்சிறுவனும் பெற்றோரும் மீண்டும் வந்தனர். பெருங்காயமின்றி மிளகும் சீரகமும் தாளித்து இரசம் வைத்திருந்தோம். ஆயினும் அவன் தாயார் சமையலறைக்குள் வந்து, அலமாரியிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கத் தொடங்கினார். முன்பாயின் எங்களை நம்பவில்லையே என்று வருந்தியிருப்போம். அன்று எழுத்து சிறிதாக இருப்பது கண்டு, எங்கள் மூக்குக் கண்ணாடியை அவரிடம் எடுத்துக் கொடுத்தோம்.

எவ்வுயிரும் இன்னலின்றி வாழ்க!